பெருச்சாளி மேல் போட்ட பழி

அந்தப் பல் எங்கள் ஷெட்டுப் பெருச்சாளியுடையது என்று நம்பினேன். சும்மா நம்பவில்லை, கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்லியிருந்தால் பண்ணியிருப்பேன். ஒரு பெருச்சாளியைக் கூண்டு வைத்துப் பிடித்து, அதன் வாயில் பல் குறைகிறதா என்று எண்ணப் பார்த்த ஆள் சங்கரன்கோவில் வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை. மண் கழுவிப் பல் பொறுக்குகிற இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், பயந்துபோன மனுசனுக்கு மூளை எந்தெந்தத் திசையில் ஓடும் என்று தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

1. சாக்கில் வந்த தீவு

நான் ஒரு கல்லூரியின் ஜியாலஜி துறையில் லேப் அட்டெண்டராக இருந்தவன். ஜெபா அங்கே ஆராய்ச்சி மாணவி. மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துப் பிள்ளை. அப்பா வாத்தியார், அம்மா வாத்தியார், அந்த வீட்டு நாய்க்கும் பதினாறாம் வாய்ப்பாடு தெரியும் என்று நான் கேலி பண்ணுவேன். "பதினேழாம் வாய்ப்பாடும் தெரியும் அண்ணாச்சி, உங்களத்தான் கேட்டுப் பாக்கணும்" என்பாள்.

கடலுக்கு நடுவே ஒரு தீவு. எந்தத் தீவு என்பது இங்கே வேண்டாம். அதில் ஒரு சுண்ணாம்புக் குகை. அந்தக் குகையில் பல்லாயிரம் வருசமாக ஆந்தைகள் உட்கார்ந்து எலி தின்று, செரிக்காத எலும்பையும் பல்லையும் கீழே கக்கியிருக்கின்றன. அது மண்ணோடு சேர்ந்து அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கிறது. மேல் அடுக்கு புதுசு, கீழ் அடுக்கு பழசு. ஜெபா ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாகத் தோண்டி, சாக்கில் கட்டி, லேபிள் போட்டுக் கொண்டுவந்தாள்.

துறையில் கழுவ இடமில்லை. மூன்றாவது தடவை சாக்கடை அடைத்துக்கொண்டதும் 'இங்கு மண் கழுவாதீர்' என்று அலுவலகத்தில் போர்டு எழுதி மாட்டிவிட்டார்கள். நான் அப்போதுதான் முதுகுவலியைக் காட்டி விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்திருந்தேன். இங்கே என் மச்சான் காலி பண்ணிவிட்டுப் போன தறி ஷெட் ஒன்று, நூல் நனைக்கிற சிமெண்ட் தொட்டியோடு சும்மா கிடந்தது. "நம்ம ஷெட்டுக்கு அனுப்பும்மா" என்றேன். சாக்கெல்லாம் சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்ந்தது.

வேலை இதுதான். மண்ணை ஊறவைக்க வேண்டும். கண் பெரிய சல்லடை ஒன்று, கண் சின்ன சல்லடை ஒன்று, இரண்டிலும் அலச வேண்டும். சேறு போய் மிஞ்சுகிற பொடியைப் பழைய வேட்டியில் பரப்பிக் காயவைக்க வேண்டும். பிறகு ஒரு ஸ்பூன் ஒரு ஸ்பூனாகக் கறுப்பு ட்ரேயில் தூவி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து, ஈரப் பிரஷ் நுனியால் பல்லை ஒற்றி எடுத்து, காலி மாத்திரைக் கேப்சூலுக்குள் போட வேண்டும். இதற்குப் பிக்கிங் என்று பெயர். லேபிள் பென்சிலில்தான் எழுத வேண்டும். மை தண்ணீர் பட்டால் ஓடிவிடும். ஒரு சாக்குக்குப் பத்து நாள் ஆகும்.

எங்கள் ஊரில் மண் என்றால் கோயில் புற்றுமண்தான். பக்கத்து வீட்டுச் சுப்பையா அண்ணாச்சி என் சாக்குகளை நோட்டம் விட்டுக்கொண்டே இருந்தார்.

"ஏதோ விசேஷ மண்ணாமே. முட்டுவலிக்கு ஒரு பிடி தாரும்வே."

"அண்ணாச்சி, அது ஆந்தை கக்குன மண்ணு."

"ஆந்தைக்கு முட்டுவலி வந்து பாத்திருக்கீரா?"

ஒரு பிடி கழிவு மண் கொடுத்தேன். வலி குறைந்ததாகத்தான் சொன்னார்.

2. ஸ்பெஷல் பஸ்ஸும் லாரியும்

ஜெபா தேடியது ஒரே கேள்விக்குப் பதில்: எலி எப்படி முதன்முதலில் அந்தத் தீவுக்குப் போனது?

"இதுக்கா இத்தனை வருசம்? எலிக்குத்தான் நீச்சல் தெரியுமே" என்றேன்.

"உங்க ஊருத் தெப்பக்குளத்தைத் தாண்டும் அண்ணாச்சி. கடலைத் தாண்டுமா?"

பிறகு பொறுமையாக விளக்கினாள். வழி இரண்டு. பூமி குளிர்ந்து கிடந்த காலங்களில் தண்ணீரெல்லாம் பனியாக உறைந்து, கடல் மட்டம் இறங்கியிருந்தது. அப்போது தீவுக்கும் கரைக்கும் நடுவே தரை தெரிந்திருந்தால் விலங்குகள் நடந்தே போயிருக்கும். தரை தெரியாத அளவுக்கு ஆழம் என்றால் மிதந்துதான் போயிருக்க வேண்டும். ஆற்றில் வெள்ளம் வந்து கரையோடு மரத்தைப் பெயர்த்துக்கொண்டு போகும். வேரில் மண் இருக்கும், மண்ணுக்குள் எலி வளை இருக்கும். அந்த மரம் கடலுக்குப் போய், நீரோட்டத்தில் சிக்கி, எப்போதோ ஒரு நாள் தீவில் ஒதுங்கும். அதில் சினையாக ஒரே ஒரு எலி உயிரோடு இருந்தால் போதும். தீவு முழுக்க அதன் வம்சம்தான்.

"நடந்ததா மிதந்ததான்னு இப்ப எப்படிக் கண்டுபிடிப்ப?"

"எத்தனை சாதி எலி போயிருக்குன்னு பாக்கணும். பாதை இருந்தா பல சாதியும் போயிருக்கும். மிதந்துதான் போகணும்னா அதிர்ஷ்டம் அடிச்ச ஒண்ணுதான் போயிருக்கும்."

"புரிஞ்சிட்டு. ஆடித்தபசுக்கு ஸ்பெஷல் பஸ் விட்டா சுத்துப்பட்டு சனமெல்லாம் வந்து இறங்கும். லாரியில தார்ப்பாய்க்கு அடியில தூங்கிட்டு வந்தவன்னா ஒருத்தன்தான் இறங்குவான்."

"தீசிஸ்ல முதல் வரியே இதுதான் அண்ணாச்சி" என்று சிரித்தாள்.

அதுவரை நான் பொறுக்கிய சாக்குகளில் எல்லாம் ஒரே சாதிதான் வந்திருந்தது. அதன் கடைவாய்ப் பல் முந்திரிக்கொத்து மாதிரி உருண்டை உருண்டையாக இருக்கும். பார்த்துப் பார்த்து எனக்குக் கனவிலும் முந்திரிக்கொத்து. பாக்கி இருந்தது ஒரு சாக்கு. அதுதான் குகையின் அடிமட்ட அடுக்கு, எல்லாவற்றிலும் பழசு. அதிலும் முந்திரிக்கொத்து மட்டுமே வந்தால் ஜெபா தைரியமாக 'மிதந்து வந்தது' என்று எழுதலாம். வேறு சாதி ஒன்று எட்டிப்பார்த்தாலும் ஆரம்பத்திலிருந்து யோசிக்க வேண்டும். ஆறு வருச உழைப்பு அந்தச் சாக்குக்குள் கட்டிக் கிடந்தது.

"பத்திரம் அண்ணாச்சி. திரும்பத் தோண்ட அனுமதி கிடைக்காது" என்றாள்.

"நம்ம ஷெட்டுக்குள்ள எறும்பு வரணும்னாகூட என்கிட்ட கேட்டுட்டுத்தான் வரணும், தெரியும்லா?" என்றேன். என் வாய் எப்போதும் என்னைவிட நாலடி முன்னால் நடக்கும்.

3. பல் டாக்டர்

பெருச்சாளி என்னிடம் கேட்கவில்லை.

ஒரு நாள் காலையில் ஷெட்டைத் திறந்தால், அடிமட்டச் சாக்கின் ஒரு மூலை கடிபட்டு, மண் கோலப்பொடி மாதிரி கோடாகச் சிந்திக் கிடக்கிறது. சுவரோரம் மச்சான் போட்டுவைத்திருந்த நிலக்கடலை மூட்டைக்குப் போகிற வழியில் என் சாக்கு இருந்திருக்கிறது. வழிவிடவில்லை என்று கடித்திருக்கிறது. சுற்றிலும் அதன் புழுக்கை.

இந்தத் தொழிலில் மானம் போகிற காரியம் கலப்படம்தான். பழைய மண்ணில் புது எலும்பு விழுந்துவிட்டால் அந்தச் சாக்கே செல்லாது. உடனே ஜெபாவுக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும். நான் கோணூசி எடுத்துச் சாக்கைத் தைத்தேன். என் மனைவி கோமதி வாசலில் வந்து நின்றாள்.

"என்ன, திருட்டு மூட்டை தைக்கிறவன் மாதிரி முழிக்கிறிய?"

"சாக்கு பழசு. தையல் விட்டுட்டு."

"தையல் விட்டா பல்லுத் தடம் இருக்குமாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கழுவினேன், காயவைத்தேன், பொறுக்க உட்கார்ந்தேன். முந்திரிக்கொத்து, முந்திரிக்கொத்து, முந்திரிக்கொத்து. மூன்றாம் நாள் பிரஷ் நுனியில் ஒரு பல் வந்தது. அதில் உருண்டையே இல்லை. அடுக்கிவைத்த பிஸ்கட் மாதிரி தட்டுத் தட்டாக இருந்தது. சுவரில் ஜெபா ஒட்டியிருந்த படங்களில் தட்டுத் தட்டான பல்லுக்குக் கீழே என்ன எழுதியிருந்தது என்று எனக்கு மனப்பாடம்: பெருச்சாளி.

கேஸ் முடிந்தது என்று நினைத்தேன். கடித்தது பெருச்சாளி, புழுக்கை பெருச்சாளி, பல்லும் பெருச்சாளி. ஆனால் எலிக்குக் கடைவாய்ப் பல் அப்படிச் சும்மா விழாது என்று ஒரு மூலையில் அறிவு முணுமுணுத்தது. சரி, சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம், குற்றவாளியின் வாயைச் சோதித்துவிடுவோம் என்று கிளம்பினேன். கருவாடு வைத்துக் கூண்டு போட்டேன். இரண்டாம் நாள் விழுந்தது. ஒரு பூனைக்குட்டி அளவு. டார்ச்சும், நீளமான மரக்கரண்டியும் எடுத்துக்கொண்டு கூண்டுக்கு முன்னால் குப்புறப் படுத்தேன்.

"ஆ காட்டு" என்றேன். நிஜமாகவே சொன்னேன்.

கோமதி பின்னால் நின்றிருக்கிறாள்.

"மண்ணு கழுவினது போதும்னு பல் டாக்டர் வேலையும் ஆரம்பிச்சாச்சா? டோக்கன் போட்டுட்டுத்தான் பாப்பியளா?"

"பேசாத. சாட்சி விசாரணை நடக்குது."

"குழம்புக் கரண்டியை வச்சா விசாரிக்கிறிய?"

பெருச்சாளி முன்பல்லை மட்டும் காட்டிச் சீறியது. கரண்டியைக் கடித்து இரண்டாக்கியது. அதன் கடைவாய் எங்கோ ஆழத்தில், இருட்டில் இருந்தது. ஒன்றும் தெரியவில்லை. தெரியாததை, குறைகிறது என்றே எடுத்துக்கொண்டேன். பயத்துக்கு வேண்டிய பதில் அதுதானே. கோமதி கூண்டைத் தூக்கிப்போய் ஊருக்கு வெளியே விட்டுவிட்டு வந்தாள்.

4. "வேற ஏதும் வந்துச்சா?"

அந்தப் பல்லை லேபிள் இல்லாத ஒரு கேப்சூலில் போட்டு நான்கு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ரேஷன் கடை வரிசையிலும் அது என்னோடு நின்றது. பேசாமல் 'சந்தேகம், சாக்கு கடிபட்டது' என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சேர்த்து வைத்திருந்தால் போதும். எழுதினால் சாக்கு கடிபட்ட கதை வெளியே வரும். சாக்கு செல்லாது என்றால் ஜெபாவுக்கு அடிமட்ட அடுக்கே இல்லை. அந்தப் பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் காப்பாற்றப் பார்த்தது என் வாய்ச்சவடாலை.

ஜெபா பஸ் ஏறிவிட்டதாகப் போன் வந்தது. தொட்டியில் சேற்றுத் தண்ணீர் தேங்கி நின்றது. கேப்சூலைத் திறந்து அதில் தட்டினேன். அடைப்பானை உருவினேன். தண்ணீர் சுழித்துக்கொண்டு தெரு வாய்க்காலுக்குப் போனது. முகம் கழுவி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டேன். யாரோ மாப்பிள்ளை பார்க்க வருகிற மாதிரி.

ஜெபா வந்து கேப்சூல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் முந்திரிக்கொத்து.

"வேற ஏதும் வந்துச்சா அண்ணாச்சி? உடைஞ்ச துண்டு, சந்தேகமா ஏதும்?"

"ஒண்ணும் இல்ல மக்கா."

அவள் கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "மிதந்துதான் வந்திருக்கு அக்கா, மிதந்துதான்!" கோமதிக்கு எது மிதந்தது என்று தெரியாது. ஆனாலும் கேசரி கிண்டினாள். நானும் தின்றேன். இரண்டாவது தடவையும் வாங்கித் தின்றேன்.

5. படம்

தீசிஸ் முடிந்தது, பட்டம் வந்தது. தீவுக்கு எலி மிதந்துதான் வந்தது என்று ஜெபா எழுதிய கட்டுரையும் வெளிவந்தது. கடைசியில் எனக்கு நன்றி என்று ஒரு வரி போட்டிருந்தாள். அதை வைத்துத் தெருவில் ஒரு மாதம் அளந்தேன். அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் அடுத்த கட்ட ஆராய்ச்சிக்கு வெளியூரில் ஓர் இடத்துக்கு விண்ணப்பித்திருந்தாள்.

ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். உட்காரவில்லை. போனை நீட்டினாள்.

"இதப் பாருங்க. வேற ஒரு குழு அதே குகையில மறுபக்கம் தோண்டியிருக்காங்க. அதே அடிமட்ட அடுக்கு."

திரையில் ஒரு பல். அடுக்கிவைத்த பிஸ்கட்.

"ரெண்டாவது சாதி. ஒரு பல்லு இல்ல, தாடையே கிடைச்சிருக்கு. வேற விலங்கு எலும்பும் சேர்ந்து கிடைச்சிருக்கு. நடந்துதான் போயிருக்கணும்னு எழுதிட்டாங்க. எனக்கு ஒண்ணுதான் புரியல அண்ணாச்சி. அத்தனை மண்ணு கழுவினோமே, நம்ம சாக்குல மட்டும் எப்படி ஒண்ணுகூட வராமப் போச்சு?"

நான் இத்தனை வருசம் எந்தக் கஷ்டத்திலும் ஒரு ஜோக் சொல்லித் தப்பித்தவன். அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கு, கோணூசி, கூண்டு, சட்டைப் பை, தொட்டி. கோமதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டாள்.

ஜெபா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அளந்தியளா?"

"என்னது?"

"மைக்ராஸ்கோப் கண்ணாடிக்குள்ள கோடு போட்டிருக்கும்லா அண்ணாச்சி. அந்தப் பல்லு எவ்வளவு நீளம்னு அளந்தியளா? பெருச்சாளிப் பல்லு இதைவிட ரெண்டு மடங்கு பெருசு."

அளக்கவில்லை. மைக்ராஸ்கோப்புக்குள் பார்த்தால் கொசுவும் எருமை மாதிரிதான் தெரியும். கூண்டு வைக்கத் தெரிந்தது, கருவாடு வாங்கத் தெரிந்தது, கண்ணுக்கு நேரே இருந்த கோட்டைப் பார்க்கத் தெரியவில்லை. அரை நிமிச வேலை அது.

"வாங்க" என்றாள் ஜெபா. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். தொட்டித் தண்ணீர் விழுகிற இடத்திலிருந்து வாய்க்காலை இருபதடிக்குத் தோண்டினோம். இரண்டு நாள் அந்தச் சாக்கடை மண்ணைக் கழுவிச் சலித்தோம். ஒரு ஹேர்பின், இரண்டு பாசிமணி, எப்போதோ வாய்க்காலில் செத்த ஏதோ பெருச்சாளியின் உண்மையான கடைவாய்ப் பல் ஒன்று. அதை அளந்து காட்டினாள். நான் பார்த்த பல்லுக்குப் பக்கத்தில் வைத்தால் இது அம்மிக்கல்.

"கிடைச்சாலும் இனிமே அது சாட்சி ஆகாது அண்ணாச்சி. சாக்கடையில எடுத்ததை எந்த அடுக்குன்னு யாரு நம்புவா?" என்றாள்.

"பிறகு ஏம்மா ரெண்டு நாளாத் தோண்டுத?"

"ஒரு தடவை பாக்கணும்னு இருந்துச்சு."

நான் நடந்ததை முழுக்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஜெபாவின் பேராசிரியர் அதைப் படித்துவிட்டு எனக்குப் போன் பண்ணினார். திட்டவில்லை. "கையில இல்லாத பல்லை நான் எப்படிப்பா கட்டுரையில சேர்க்க முடியும்? எங்க முடிவு தப்புன்னு மட்டும்தான் எழுத முடியும்" என்றார். அப்படியே எழுதி அனுப்பினார்கள். விண்ணப்பித்திருந்த அந்த இடம் ஜெபாவுக்குக் கிடைக்கவில்லை. இப்போது வாசுதேவநல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறாள். கிறிஸ்துமஸுக்குக் கோமதிக்குப் போன் பண்ணுவாள். நான் பக்கத்தில்தான் இருப்பேன். "அண்ணாச்சி நல்லாருக்காங்களா?" என்று கேட்பாள். "கொடுக்கட்டுமா?" என்று கோமதி கேட்டால், "வேலையா இருப்பாங்க, இருக்கட்டும் அக்கா" என்பாள்.

பிக்கிங்குக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பொறுக்குகிறவன் பொறுக்க வேண்டும், தீர்ப்புச் சொல்லக் கூடாது. ட்ரேயில் வந்தது எதுவானாலும், கட்டெறும்புக் காலானாலும், கேப்சூலில் போட்டு லேபிள் எழுத வேண்டும். சாக்கு கிழிந்தால் கிழிந்தது என்று எழுத வேண்டும், தைத்தால் தைத்தேன் என்று எழுத வேண்டும். பயமாக இருக்கிறதா, அதையும் எழுதிவிட வேண்டும். படிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

அந்தப் பல் தீவின் பல்தான். அந்தக் குகையில் இரண்டாவது சாதி எலி இருந்ததற்குச் சாட்சியை முதலில் தோண்டியெடுத்தது ஜெபா. அது அவள் கைக்குப் போகும் முன்னே நான் அதைச் சாக்கடையில் விட்டேன்.